நான்கு நிமிடச் சோதனை

"என்ன வேணும்னு வாயைத் திறந்து கேக்கவே மாட்டியாடா நீ?"

"எனக்கு ஒண்ணும் வேணாமே அக்கா."

"மூணு நாளா சமையல்ல நான் உப்பே போடல."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீ மறந்திருப்பேன்னு நினைச்சேன்."

"மூணு நாளும் மறப்பேனா? உப்பு டப்பா உன் முழங்கைக்குப் பக்கத்துலதான் இருக்கு. எடுத்துக்கவும் மாட்ட, கேக்கவும் மாட்ட. என்ன ஜென்மம்டா நீ?"

"இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லன்னு தோணுச்சு."

"இன்னைக்கும் போடல."

அக்காவுக்கும் தம்பிக்கும் இந்தப் பேச்சு நடந்து நான்கு மாதம் ஆகிறது. சிற்றியந்திர நல வாரியத்தின் மரப் பெஞ்சில், பக்கத்தில் தன் புல்வெட்டும் மெஷினை நிறுத்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த வியாழக்கிழமை காலையில், அது வார்த்தை பிசகாமல் அவனுக்கு நினைவு வந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் மெஷினுக்கு விசாரணை. தீர்ப்பு பாதகமாக வந்தால் அது கொல்லைப்புறத்து நசுக்கு எந்திரத்துக்குள் போய்விடும். சாதகமாக வந்தால் அவனோடு வீட்டுக்கு வந்துவிடும். எப்படி வந்தாலும், இனி இந்தக் கட்டடத்துக்கு வர அவனுக்கு ஒரு காரணமும் இருக்கப்போவதில்லை. ஏழாம் ஜன்னலில் இருப்பவளிடம் கேட்க வேண்டியதை இன்றைக்குக் கேட்காவிட்டால் பிறகு கேட்கவே முடியாது.

உப்பைக் கேட்க முடியாதவன் அதை எப்படிக் கேட்பான்?

அவனை எல்லோரும் புல்லுக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட மைதானம், மருத்துவமனையின் முன்புறம், இரண்டு அடுக்குமாடி வளாகங்கள், இவற்றின் புல்லை வெட்டித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. மெஷினுக்கு எட்டு வயது. கயிற்றை இழுத்தால் முதல் இழுப்பில் முனகும், இரண்டாவதில் யோசிக்கும், மூன்றாவதில் கிளம்பிவிடும். எட்டு வருடமாக இதில் மாற்றமே இல்லை. ஏதாவது கோளாறு என்றால் அவனே திருப்புளியோடு உட்கார்ந்து சரிசெய்துவிடுவான்.

பதினைந்து வருடமாக ஜெனரேட்டர்களை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த வாரியத்துக்கு, இந்த வருடம் திடீரென்று புல்வெட்டும் மெஷின்கள் மேலும் அக்கறை பிறந்தது. எல்லா மெஷின்களையும் கொண்டுவந்து பதிவுசெய்து முத்திரை பெற வேண்டும். பதிவான மெஷினைச் சொந்தக்காரர் எந்தக் கருவியாலும் தொடக்கூடாது. முத்திரை சேதமடைந்தால் பதிவு ரத்து. அவனும் நல்ல பிள்ளையாகக் கொண்டுபோய்ப் பதிவு செய்தான். மறுநாள் பள்ளி மைதானத்தில் பத்து நிமிடம் ஓடியது. பிறகு விக்கல் வந்த மாதிரி நாலு தடவை குலுங்கி, நின்றுவிட்டது.

மூடியைத் திறந்து பார்த்தான். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தான், ஓடியது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் விக்கல். அன்றைக்கு முழுவதும் இப்படியே. எட்டு வருடம் உழைத்த உடம்பு, கொஞ்சம் ஓய்வு கேட்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். திருப்புளியை எடுக்கக் கை பரபரத்தது. விதி நினைவுக்கு வந்தது. மெஷினைத் தள்ளிக்கொண்டு வாரியத்துக்குப் போனான்.

வாரியத்தின் வாசலிலேயே ஒரு பெரிய பலகை உண்டு. 'வாய்மொழிக் கோரிக்கைகள் ஏற்கப்படமாட்டாது.' அதே பலகையின் சின்னப் பிரதி ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் இருந்தது, வாசலில் படித்தவர்கள் ஜன்னலுக்கு வருவதற்குள் மறந்துவிடலாம் என்பதால்.

படிவத்தில் விண்ணப்பதாரர் என்று இருந்த இடத்தில் மெஷினின் பெயரை எழுதச் சொன்னார்கள். அவன் வெறும் 'உடன் வந்தவர்'. டோக்கனையும் மெஷினின் கைப்பிடியில்தான் கட்டினார்கள். கேள்விகள் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. 'நிற்பதற்கு முன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததா? ஆம் எனில் சான்று இணைக்கவும்.' 'முன்பு நின்றதுண்டா? உண்டு எனில், இப்போது அது நின்றுகொண்டிருக்காததற்குக் காரணம் என்ன?' 'உடன் வந்தவருக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன உறவு?'

கடைசிக் கேள்விக்கு அவன் 'சொந்தக்காரன்' என்று எழுதி ஏழாம் ஜன்னலில் நீட்டினான்.

உள்ளே இருந்தவள் படித்துப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "அம்மா வழியிலயா, அப்பா வழியிலயா?" என்று கேட்டாள்.

அவன் உண்மையிலேயே யோசித்தான். பதில் சொல்ல வாய் எடுத்தபோதுதான் அவள் கண்ணோரம் சுருங்கியிருப்பதைப் பார்த்தான். அந்தச் சுருக்கத்தைப் பார்த்த கணத்திலிருந்து மெஷினின் கோளாறோடு அவனுக்கும் ஒன்று சேர்ந்துகொண்டது.

சோதனை அறை கட்டடத்தின் நடுமுற்றம். அங்கே இருந்த சோதகரை விசில் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். கழுத்தில் தொங்கிய விசிலைத் தவிர அவரிடம் வேறு கருவி கிடையாது. ஸ்பேனர்கள் இருந்த அலமாரி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த அதிகாரி மூன்று வருடத்துக்கு முன் வேறு துறைக்கு மாற்றலாகிப் போயிருந்தார், சாவியோடு.

விசில் கயிற்றை இழுத்தார். மெஷின் கிளம்பியது. ஒரு விசில். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான்கு நிமிடம் ஆனதும் இன்னொரு விசில். நிறுத்தினார். "குறை இல்லை," என்று எழுதினார்.

"பத்து நிமிஷம் ஆனாத்தான் சார் நிக்குது."

"இங்க சோதனை நாலு நிமிஷம்."

"இன்னும் ஆறு நிமிஷம் ஓட விட்டா தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிடும். அதுக்காகத்தான் விடுறதில்ல," என்றார் விசில், ரகசியம் ஏதும் இல்லாத குரலில். "குறைன்னு எழுதினா அதை யாராவது சரிபண்ணணும். பண்றதுக்கு ஸ்பேனர் வேணும். நீங்களே சொல்லுங்க."

சோதனை முடிந்த மெஷினுக்குப் புது முத்திரை ஒட்ட வேண்டும் என்பது விதி. வட்டமான, தடித்த, பளபளப்பான முத்திரை. எங்கே ஒட்ட வேண்டும் என்றும் விதி இருந்தது: 'இயந்திரத்தின் ஆக உயர்ந்த, சமதளமான, பார்த்தவுடன் தெரியும் இடத்தில்.' ஜெனரேட்டர்களுக்கு அது மேல்தகடாக இருந்தது. அவன் மெஷினுக்கு அது பெட்ரோல் டேங்கின் மூடி. ஏழாம் ஜன்னல் பெண் வெளியே வந்து, பதிவின்போது ஒட்டிய முத்திரை மேலேயே இரண்டாவதை வைத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, விளிம்பு முழுவதும் நகத்தால் அழுத்தினாள். ஒரு குமிழி இல்லை. எந்த வேலையையும் இவ்வளவு சுத்தமாகச் செய்து அவன் பார்த்ததில்லை.

"மறுபடியும் நின்னா வாங்க," என்றாள்.

"நிக்கும்," என்றான் அவன், கொஞ்சம் அவசரமாகவே.

நின்றது. போனான்.

இரண்டாவது முறை அவள் ஜன்னல் கம்பியில் வெட்டிய பாட்டில் ஒன்றில் மணி பிளாண்ட் இருப்பதைக் கவனித்தான். இலையெல்லாம் வெளுத்திருந்தது. மூன்றாவது முறை போகும்போது மக்கிய புல் எரு ஒரு பொட்டலம் கொண்டுபோய், ஒன்றும் சொல்லாமல் பாட்டிலில் போட்டுவிட்டு வந்தான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான்காவது முறை போனபோது பாட்டிலுக்குப் பதில் அங்கே ஒரு தொட்டி இருந்தது.

புகார் தீவிரமடைந்துவிட்டதால் மெஷினை இப்போது மாடிகளுக்கு அனுப்பினார்கள். தரைத்தளம் காற்றுப் பிரிவு. முதல் மாடி எரிபொருள் பிரிவு. இரண்டாம் மாடி தீப்பொறிப் பிரிவு. காற்றுப் பிரிவு காற்றுச் சல்லடையை முகர்ந்து பார்த்து, காற்று வருகிறது என்று சான்று கொடுத்தது. தீப்பொறிப் பிரிவு பிளக்கைப் பார்த்து, பொறி பறக்கிறது என்று எழுதியது. எரிபொருள் பிரிவு, டேங்கில் இருப்பது பெட்ரோல்தான் என்று ஏழு கையெழுத்துகளோடு உறுதி செய்தது. பிரச்சினை கார்புரேட்டரில் வந்தது. அதில்தான் காற்றும் பெட்ரோலும் கலக்கின்றன. காற்று உள்ளே வருவதால் அது தரைத்தளத்துக்குரியது என்றது எரிபொருள் பிரிவு. பெட்ரோல் உள்ளே வருவதால் அது மேலே போக வேண்டியது என்றது காற்றுப் பிரிவு. முடிவு வரும்வரை இரண்டுக்கும் பொதுவாக, மாடிப்படித் திருப்பத்தில், ஒரு முக்காலியின் மேல் கார்புரேட்டரை வைத்தார்கள். அது பதினொரு நாள் அங்கே இருந்தது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதற்கு வழிவிட்டுப் போனார்கள். கடைசியில் இரு பிரிவுகளும் கூட்டாகக் கையெழுத்திட்டு, கார்புரேட்டர் என்று தனியாக ஒன்று இல்லை என்று தீர்மானித்து, அதைத் திரும்ப மாட்டிக் கொடுத்தன.

அந்தப் பதினொரு நாளும் அவனுக்கு வேலை இல்லை. பதினொரு நாளும் வாரியத்துக்குப் போய், படித்திருப்பத்தில் கார்புரேட்டர் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். படித்திருப்பத்துக்குப் போகும் வழி ஏழாம் ஜன்னலைத் தாண்டித்தான் போகும்.

"சட்டையை இஸ்திரி போட்டுட்டு எங்கடா கிளம்பிட்ட?" என்றாள் அக்கா.

"வாரியத்துக்கு. மெஷின் விஷயமா."

"மெஷினைக் காட்டப் போறியா, உன்னைக் காட்டப் போறியா?"

அவன் சாப்பிட உட்கார்ந்தான். அக்கா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அன்றைக்கு உப்பு இருந்தது.

ஐந்தாவது முறை சோதனைக்குப் பதில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 'இயந்திரத்தோடு இணக்கமாக வாழ்வோம்' என்று அரை நாள் வகுப்பு. எல்லோரும் அவரவர் மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். "நிற்பது குறையல்ல," என்றார் பயிற்சியாளர். "நின்றுவிட்டது என்று ஏன் சொல்கிறீர்கள்? ஓடி முடித்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்." பிறகு மெஷினின் மேல் கை வைத்து, 'நான் உன்னை அவசரப்படுத்த மாட்டேன்' என்று மூன்று முறை சொல்லச் சொன்னார். பக்கத்தில் இருந்த மரம் அறுக்கும் ஆள் தன் ரம்பத்திடம் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் மெஷின்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு முறையும் அவன் ஏழாம் ஜன்னலில் ஒரு தீர்மானத்தோடுதான் போய் நிற்பான். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதும், அப்பாவோடு இருக்கிறாள் என்பதும் விசில் மூலமாகத் தெரிந்திருந்தது. "பன்னெண்டு வருஷமா அந்த ஜன்னல்ல உக்காந்திருக்கு. எட்டிப் பாத்தவன் எல்லாம் படிவம்தான் கேட்டான்," என்று விசில் சொல்லியிருந்தார். அவனும் எட்டிப் பார்ப்பான். அவள் நிமிர்வாள். அவன் வாயைத் திறப்பான்.

"பேனா இருக்குங்களா?"

அவள் பேனாவை நீட்டுவாள். ஒருமுறை அவன் சட்டைப் பையிலேயே இரண்டு பேனா தெரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மூன்றாவதைக் கொடுத்தாள்.

ஆறாவது முத்திரை ஏறியபோது டேங்க் மூடி ஒரு சின்ன மேடை மாதிரி ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை அவனை மைதானத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார். "பாருங்க. முடிவெட்டும்போது பாதியில எழுந்து ஓடினவன் தலை மாதிரி இருக்கு. வர்ற சனிக்கிழமைக்குள்ள முடியலன்னா நான் வேற ஆளைப் பாக்கணும். எனக்கும் வருத்தம்தான்."

திங்கட்கிழமை ஏழாவது புகாரைப் போட்டான். கையோடு ஓர் அறிவிப்பு கொடுத்தார்கள். ஒவ்வொரு சோதனையிலும் ஓடியும் ஏழு முறை புகாருக்கு உள்ளாகும் இயந்திரம் வாரியத்தின் நற்பெயருக்கு ஊறு விளைவிப்பதால், வியாழக்கிழமை உயர்மட்டக் குழுவின் முன் விசாரிக்கப்பட்டு, விளக்கம் திருப்தி தராவிட்டால் நசுக்கப்படும்.

"விளக்கம் யார் சொல்லணும்?" என்று கேட்டான்.

"விண்ணப்பதாரர்," என்றாள் அவள், மெஷினைப் பார்த்து. இந்தத் தடவை அவள் கண்ணோரம் சுருங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மைதானத்தில், கிடைத்த வரை லாபம் என்று வெட்டிக்கொண்டிருந்தான். பத்து நிமிடத்தில் வழக்கம்போல் நின்றது. வழக்கம்போல் மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்தான். வியாழக்கிழமையையும், அதற்குப் பிறகு ஏழாம் ஜன்னல் இல்லாத வெள்ளிக்கிழமையையும் நினைத்துக்கொண்டே மூடியைச் சரியாகத் திருகாமல் சும்மா மேலே வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தான். ஒரு வரிசை முடிந்தது. இரண்டு, மூன்று. கோல் கம்பம் வரை போய்த் திரும்பினான். இன்னொரு முறை போய்த் திரும்பினான். பள்ளி மணி அடித்தபோதுதான், அரை மணி நேரமாக மெஷின் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது.

மூடியை இறுக்கினான். பத்து நிமிடத்தில் நின்றது. திறந்தான். இந்தத் தடவை காதைப் பக்கத்தில் வைத்திருந்தான். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. நாலு மாதமாக அது சொல்லிக்கொண்டிருந்ததை இப்போதுதான் அவன் கேட்டான்.

மூடியைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கான வழி அது. மறுபக்கத்தில் வெளிச்சம் தெரியவில்லை. அங்கே நல வாரியத்தின் ஆறு முத்திரைகள், ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டியிருந்தன.

அவன் வீட்டுக்குப் போய், "அக்கா, ஊசி வேணும்," என்றான்.

அக்கா கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "என்ன சொன்ன?"

"ஊசி. தைக்கிற ஊசி."

"கேட்டியா நீ? நீயா கேட்ட?" அக்கா ஊசிப் பெட்டியோடு, எட்டு நூல்கண்டுகளையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். எதற்கு என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

உள்பக்கத்திலிருந்து ஊசியை விட்டு ஆறு முத்திரைகளையும் துளைத்தான். வெளியே பார்த்தால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். மெஷின் சரியாகிவிட்டது. எட்டு வருடத்தில் இவ்வளவு சுலபமான கோளாறை அவன் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், முற்றத்துப் படியில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான்.

புதன்கிழமை புகாரைத் திரும்பப் பெறப் போனான். அதற்கும் படிவம் இருந்தது. 'புகாரில் சொல்லப்பட்ட குறை இருந்ததாக வாரியம் ஏற்றுக்கொண்ட தேதி' என்று ஒரு கட்டம். வாரியம் ஏற்றுக்கொள்ளவே இல்லை. ஏற்றுக்கொள்ளாத குறை தீர்ந்துவிட்டது என்று சொல்ல வாரியத்தில் வழி இல்லை. விசாரணை நடக்கும் என்றார்கள். அந்தப் பதில் காலை பத்தரைக்கே கிடைத்துவிட்டது. அவன் மதியம் வரை அங்கேதான் இருந்தான்.

இதோ, வியாழக்கிழமை.

நடுமுற்றத்தில் மேஜை போட்டிருந்தார்கள். வாரியத் தலைவர் நடுவில். மூன்று பிரிவுகளிலிருந்தும் ஒவ்வொரு உறுப்பினர். தலைவரின் கையில் ஒரு பச்சைக் கொடி. அதை உயர்த்தினால் சோதனை தொடங்கும், இறக்கினால் முடியும். இடையில் நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. ஏழாம் ஜன்னல் பெண் ஏழாவது முத்திரையோடு ஓரமாக நின்றாள். அது நசுக்குவதற்கு முன் ஒட்ட வேண்டியது. முத்திரை இல்லாத இயந்திரத்தை நசுக்க விதி இடம் தரவில்லை.

தலைவர் கொடியை உயர்த்தினார். விசில் கயிற்றை இழுத்தார். முனகல், யோசனை, கிளம்பல்.

"சோதனை நடக்கட்டும். அதற்குள் ஒன்றிரண்டு வார்த்தைகள்," என்று தலைவர் எழுந்தார்.

"நண்பர்களே, நமது வாரியம் தோன்றுவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது? ஓர் இயந்திரம் நின்றால் அதன் சொந்தக்காரர் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்காருவார். அரை மணி நேரத்தில் அது ஓடிவிடும். என்ன குறை, யார் கண்டுபிடித்தார், எந்தத் தேதியில் சரியானது, பதிவு உண்டா? கிடையாது. அப்படி எத்தனை ஆயிரம் குறைகள் பதிவே ஆகாமல் சரியாகிப் போயின என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது."

உறுப்பினர்களுக்கும் பதறியது. தலையாட்டினார்கள்.

"இன்று எந்தக் குறையும் நம் பார்வைக்கு வராமல் சரியாவதில்லை. நம் பார்வைக்கு வந்த பிறகும் சரியாவதில்லை என்று சிலர் பேசுகிறார்கள். அவர்கள் நம் பதிவேட்டைப் பார்க்கட்டும். பதினைந்து ஆண்டுகளில் நம் முற்றத்தில் ஓர் இயந்திரமாவது நின்றதுண்டா? நாம் நிற்க விட்டதுண்டா?"

கைதட்டல். விசில் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம். கொடி மேலேயே இருந்தது. தலைவர் அதை விரல்போல நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நம் கையில் ஓடுகிறது, அவர் கையில் நிற்கிறது. இது என்ன நடத்தை? இதை மன்னித்தால் நாளைக்கு எல்லா இயந்திரங்களும் வெளியே ஒரு மாதிரி, உள்ளே ஒரு மாதிரி நடக்க ஆரம்பிக்கும். ஒழுங்கு என்ன ஆகும்? நான் இந்தப் பொறுப்புக்கு வரும்போது எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்றும் தெரியாது. அதனால்தான் என்னால் பாரபட்சம் இல்லாமல் இருக்க முடிகிறது."

எட்டு. ஒன்பது. புல்லுக்காரன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து. மெஷின் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று. அவன் தலையைத் தூக்கி ஏழாம் ஜன்னல் பெண்ணைப் பார்த்தான். அவள் மெஷினைப் பார்க்கவில்லை. டேங்க் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் தம் இளமைக் காலத்துக்குப் போனார். வாரியக் கட்டடத்தின் அடிக்கல்லுக்கு வந்தார். மாடிப்படித் திருப்பத்து முக்காலிக்கு நிரந்தர இடம் ஒதுக்கியதைக் குறிப்பிட்டார். ஒன்றிரண்டு வார்த்தைகள் முடிய நாற்பத்தொரு நிமிடம் ஆயிற்று. வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்போதுதான் சத்தத்தைக் கவனித்தார்.

"அது ஏன் இன்னும் ஓடுகிறது?"

"நீங்க கொடியை இறக்கல, சார்," என்றார் விசில்.

மூன்று உறுப்பினர்களும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு, பத்து நிமிடத்தில் நிற்கும் என்று ஏழு முறை எழுதப்பட்டிருந்த புகார்க் கட்டைப் பார்த்தார்கள். பிறகு, என்ன நினைப்பது என்று தெரிந்துகொள்ளத் தலைவரைப் பார்த்தார்கள்.

தலைவர் ஒரு கணம்தான் திகைத்தார். அடுத்த கணம் அவர் முகத்தில் ஒளி பரவியது.

"கேட்டதும் திருந்திவிட்டது, பார்த்தீர்களா?" என்றார். "ஆறு முத்திரைக்கு அடங்காத இயந்திரம். என் உரைக்கு அடங்கிவிட்டது."

அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. இயந்திரம் மன்னிக்கப்படுகிறது. இனி நிற்பதாகப் புகார் வரும் எல்லா இயந்திரங்களுக்கும் முன்னால் தலைவரின் உரை ஒலிபெருக்கியில் முழுமையாகப் போடப்படும். இந்த இயந்திரத்துக்கு வெற்றியின் அடையாளமாக ஏழாவது முத்திரை ஒட்டப்படும். நான்கு நிமிடம் ஓடியதாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். அதற்கு மேல் எழுதக் கட்டம் இல்லை.

கூட்டம் கலைந்தது. விசில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். மெஷினை ஏழாம் ஜன்னலுக்குப் பக்கத்தில் தள்ளிவந்து நிறுத்தினான் அவன். அவள் முத்திரையோடு வந்து குனிந்தாள். மூடியின் நடுவில் இருந்த புள்ளியை விரல் நுனியால் தடவினாள்.

"இது யார் போட்டது?"

முத்திரை சேதம், பதிவு ரத்து. பொய் சொல்லவும் அவனுக்கு வராது. "நான்தான்."

"என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமையே சரியாயிடுச்சா? அப்ப நேத்து எதுக்கு வந்தீங்க?"

"புகாரைத் திரும்ப வாங்க."

"அது பத்தரைக்கே முடியாதுன்னு சொல்லிட்டாங்களே. மதியம் வரைக்கும் என் ஜன்னல் முன்னாடி நின்னீங்க."

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

அவள் ஏழாவது முத்திரையை மூடியில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினாள். நகத்தால் விளிம்பை அழுத்தினாள். பிறகு தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, முத்திரையின் சரியான நடுவில், ஒரே குத்தாகக் குத்தி எடுத்தாள்.

அவன் வாயைப் பிளந்தான். "உங்களுக்குத் தெரியுமா?"

"மூணாவது தடவையே தெரியும். எங்கப்பாகிட்ட பெட்ரோல்ல ஓடுற ஒரு தண்ணி பம்ப் இருந்துச்சு. சின்ன வயசுல அதோட மூடியில பூ ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிட்டு, அவர் பம்பையே அக்கு அக்கா கழட்டினதுக்கு அப்புறம்தான் சொன்னேன். அன்னைக்கு வாங்கினது இன்னும் முதுகுல இருக்கு."

"சொல்லியிருக்கலாமே."

"வாயால சொல்ல எங்களுக்கும் அனுமதி இல்ல. எழுதிக் குடுத்தேன், முத்திரை ஒட்டுற இடத்தை மாத்தணும்னு. அது எந்த மாடிக்குப் போகணும்னு இன்னும் முடிவாகல. படித்திருப்பத்துல அந்த முக்காலி மேலதான் இருக்கு." ஊக்கைத் திரும்பத் தோளில் குத்திக்கொண்டாள். அதற்குத் தேவையான நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமே எடுத்துக்கொண்டாள். "பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா நினைவூட்டுக் கடிதம் எழுதணும். எழுதல."

"ஏன்?"

"மெஷின் சரியாயிட்டா இந்தச் செடிக்கு யார் எரு போடுவாங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். மணி பிளாண்ட் கம்பியை விட்டு ஏறி, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, மேலே இருந்த பலகையின் மேல் படர்ந்திருந்தது. வாய்மொழிக் கோரிக்கைகள் என்பது வரைக்கும் படிக்க முடிந்தது. அதற்கு மேல் எல்லாம் இலை.

அவள் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கடைசிக் கையெழுத்துக்கான தாளை ஜன்னல் வழியே நகர்த்தினாள். வழக்கம்போலப் பேனாவையும் எடுத்து நீட்டினாள், அவன் கேட்பதற்கு முன்னாலேயே.

அவன் பேனாவை வாங்கவில்லை.

"பேனா வேணாம்," என்றான். அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. "எங்க வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வாங்க. எங்க அக்கா சமையல்ல சில நாள் உப்பு இருக்காது, ஆனா…" நிறுத்தினான். முனகியாயிற்று, யோசித்தும் ஆயிற்று. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"ஒருநாள் இல்லங்க. எப்பவும் இருக்கிற மாதிரி வாங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?"